எடையறிந்து பெயர் சொல்லும் பொறி

நம் சங்கத்து அன்பர் ஒருவர், தில்லியில் முப்பது ஆண்டுகள் அரசாங்கப் பணி புரிந்து ஓய்வு பெற்றவர், 2018ஆம் ஆண்டு ஐப்பசியில் தஞ்சைப் பக்கத்திலுள்ள தம் பூர்வீகக் கிராமத்துக்குச் சென்று வந்தார். பங்காளியிடம் குத்தகைக்கு விட்டிருந்த நிலத்தை ஒருமுறை நேரில் பார்த்து வருவதே பயணத்தின் நோக்கம். அடைமழைக் காலம். வரப்பெல்லாம் வழுக்கிற்று. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வயலுக்குள்ளேயே இறங்கி நடந்தாராம். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் சேற்றில் கால் பதித்த இன்பத்தைத் திரும்பி வந்ததும் நம்மிடம் வாயாரச் சொல்லி மகிழ்ந்தார். குதிகாலில் பித்தவெடிப்பு இருந்ததையும், பன்னிரண்டு ஆண்டுகளாகத் தமக்கு நீரிழிவு இருந்து வருவதையும் அப்போது அவரும் நினைக்கவில்லை; நாமும் நினைக்கவில்லை.

பதினைந்து நாட்களுக்குள் காய்ச்சல் கண்டது. இருமலும் சேர்ந்தது. எக்ஸ்ரே படத்தில் நுரையீரலில் நிழல் தெரிந்ததால் காசநோய் என்று கருதி அதற்குரிய மருந்தைத் தொடங்கினார்கள். காசம் மலிந்த நாட்டில் அவ்வாறு கருதியதில் வியப்பில்லை. ஆனால் ஒரு மாதமாகியும் காய்ச்சல் தணியவில்லை. உடல் துரும்பாக இளைத்தது. கல்லீரலிலும் சீழ்க்கட்டி தோன்றியது. வேறொரு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே கட்டியிலிருந்து சீழை ஊசியால் உறிஞ்சியெடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்து, சோதனைச் சாலையின் தலைவியான மருத்துவ அம்மையார் தாமே படுக்கையருகே வந்து நின்றார். அவர் இந்தியில் கேட்ட முதற் கேள்வி இது: "சமீபத்தில் நெல்வயலில் இறங்கினீர்களா?"

நோயாளிக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. அவருடைய மனைவியார்தாம் ஊர்ப் பயணத்தைச் சொன்னார். அம்மையார் தலையசைத்துவிட்டு விரைந்து சென்றார். அன்று மாலையே மருந்து மாறிற்று.

அக்கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பதை அறிய நமக்கு ஆவல் மிகுந்தது. அன்பர் தேறிய பின் ஒருநாள் அனுமதி பெற்று அச்சோதனைச் சாலைக்குச் சென்று வந்தோம். அங்கே கண்டதையும், பின்னர்ப் படித்தறிந்ததையும் நேயர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரை.

நோய் தரும் கிருமியின் பெயரை அறிவது முன்னாளில் பொறுமை வேண்டிய வேலை. சீழையோ குருதியையோ சத்துக்கூழில் தடவி ஓர் இரவு வைத்தால் கிருமிகள் பெருகிச் சிறு புள்ளிகளாகத் தோன்றும். பிறகு இந்தச் சர்க்கரையைப் புளிக்க வைக்கிறதா, அந்தச் சர்க்கரையைத் தொடாமல் விடுகிறதா, வாயு எழுப்புகிறதா, நீந்துகிறதா என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிப்பார்கள். மேலும் ஓரிரு நாள் ஓடிவிடும். அதுவரை மருத்துவர் அனுமானத்தின்மீதுதான் மருந்து கொடுத்தாக வேண்டும்.

இப்போது அந்தக் காத்திருப்பைச் சில நிமிடங்களாகச் சுருக்கும் பொறி ஒன்று பெரிய மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டது. 'மால்டி-டாஃப்' என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். நிறை நிறமாலைமானி என்பது இவ்வகைக் கருவிகளின் பொதுப் பெயர். பொருள்களின் மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்துக் காட்டுவது அதன் தொழில். விலை கோடி ரூபாய்க் கணக்கு. ஆனால் அதனுள் மாதிரியைச் சேர்க்கும் கருவியோ, நாம் உணவுக்குப் பின் பல் குத்துகிறோமே, அதே மரக்குச்சி! அதன் முனையால் கிருமிப் புள்ளியைத் தொட்டு, 96 வட்டங்கள் பொறித்த எஃகுத் தட்டில் ஒரு வட்டத்தின் மேல் மெல்லத் தீற்றுகிறார்கள். அதன்மேல் ஒரு துளி கரிம அமிலக் கரைசல் விடுகிறார்கள். அது உலர்ந்து பொடிப் படிகங்களாகும்போது, கிருமியின் புரதங்கள் அப்படிகங்களுக்குள் சிக்கிக்கொள்கின்றன.

தட்டு காற்றில்லாத அறைக்குள் செல்கிறது. லேசர் ஒளி அதன்மீது துடிதுடிப்பாகப் பாய்கிறது. ஒளியின் வெப்பத்தைப் படிகம் ஏற்றுக்கொள்வதால் புரதம் சிதையாமல் முழுதாக மேலெழும்புகிறது. எழும்பும்போதே மின்னேற்றமும் பெறுகிறது. உடனே ஏறக்குறைய 20,000 வோல்ட் மின்னழுத்தம் எல்லாவற்றையும் ஒரே வலுவுடன் நீண்ட குழாய்க்குள் உந்துகிறது. வெறும் வண்டியையும் நெல் மூட்டை ஏற்றிய வண்டியையும் ஒரே வலுவுடன் தள்ளினால் எது முந்தும்? அதுபோலவே இங்கும் இலேசானது முந்தும், கனத்தது பிந்தும். குழாயின் மறுகோடியில் வந்து மோதும் நேரத்தைக் கொண்டு எடையைக் கணக்கிடுகிறார்கள். எடை நான்கு மடங்கானால் பயண நேரம் இரு மடங்காகும்.

எடை என்று சொன்னோம். அதற்கு அளவு டால்டன். ஒரு ஹைட்ரஜன் அணு ஏறத்தாழ ஒரு டால்டன். பத்தாயிரம் டால்டன் எடையுள்ள புரதம் ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்க ஆகும் நேரம் ஒரு விநாடியில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. கிருமிகளை அடையாளம் காண, 2,000 முதல் 20,000 டால்டன் வரையுள்ள புரதங்களையே பெரிதும் பார்க்கிறார்கள். அவற்றுள் பெரும்பாலானவை ரைபோசோம் என்னும் உறுப்பைச் சேர்ந்தவை. உயிரணுவுக்குள் புரதம் கட்டும் பட்டறை அது. பட்டறை இல்லாத உயிரணு கிடையாது. அது எப்போதும் ஏராளமாக இருக்கும். கிருமி எதைத் தின்று வளர்ந்தாலும் அவ்வளவாக மாறாது. ஆகவே அடையாளத்துக்கு அதைவிட நம்பகமானது வேறில்லை.

கணிப்பொறித் திரையில் அந்த எடைகள் சிறிதும் பெரிதுமான கூரிய முனைகளாக, கோபுரங்கள் வரிசை கட்டி நிற்பதுபோலத் தோன்றுகின்றன. பொறி தன்னிடமுள்ள ஆயிரக்கணக்கான மாதிரி வரிசைகளோடு இதனை ஒப்பிட்டு, மிகவும் ஒத்துப்போவதன் பெயரைச் சொல்லி மதிப்பெண்ணும் இடுகிறது. பரவலாக வழங்கும் ஒரு முறையில் உச்ச மதிப்பு 3. இரண்டும் அதற்கு மேலும் வந்தால் இனத்தின் பெயரையே ஏற்கலாம், 1.7க்கும் 2க்கும் இடைப்பட்டால் குடும்பப் பெயர் வரைதான் நம்பலாம். அதற்கும் கீழே போனால் பொறி கைவிரித்துவிட்டது என்று பொருள். மாதிரிகளின் தொகுப்பை 'நூலகம்' என்கிறார்கள். இந்தச் சொல்லை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டும். நம் அன்பரின் கதை அதில்தான் சிக்கியது.

இப்பொறி பிறந்த கதை சுவையானது. கிருமிகளை நிறை நிறமாலையால் இனங்காணலாம் என்று அமெரிக்காவில் அன்ஹால்ட், ஃபென்செலாவ் என்னும் இருவர் 1975ஆம் ஆண்டிலேயே எழுதினார்கள். ஆனால் புரதம் போன்ற பெரிய மூலக்கூறை உடையாமல் பறக்க வைக்கும் வழி அப்போது இல்லை. 1985ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டுக் கியோட்டோ நகரில் ஷிமாட்சு நிறுவனத்தில் வேலை பார்த்த கொய்ச்சி தனாக்கா என்னும் இளம் பொறியாளர், கோபால்ட் உலோகப் பொடியில் கலக்க வேண்டிய திரவத்துக்குப் பதிலாகக் கை தவறிக் கிளிசரினைக் கலந்துவிட்டார். விலையுயர்ந்த பொடி வீணாவானேன் என்று எண்ணி அதையே கருவிக்குள் வைத்துப் பார்த்தார். பெரிய மூலக்கூறுகள் உடையாமல் எழும்பின! 2002ஆம் ஆண்டு இரசாயன நோபல் பரிசில் அவருக்கும் ஒரு பங்கு கிடைத்தது. மின் பொறியியலில் பட்டம் பெற்றவர் அவர். டாக்டர் பட்டம் கூடப் பெறாதவர். ஆயினும் இன்று மருத்துவமனைகளில் வழங்குவது, கரிமப் பொருட் படிகத்தைப் பயன்படுத்தும் முறை. அதனை உருவாக்கியவர்கள் ஜெர்மானியரான ஹில்லன்காம்ப், காராஸ் என்னும் இருவர். பரிசில் அவர்களுக்கு இடமில்லாமற் போனது நமக்குச் சற்று வருத்தந்தான். 1996ஆம் ஆண்டில் முழுக் கிருமியையே தட்டில் தீற்றி இனங்காணும் ஆய்வுகள் வெளியாயின. 2013ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இவ்வகைப் பொறிகளை மருத்துவச் சோதனைக்கு அனுமதித்தது.

நிற்க. இத்தகைய பொறிக்கும் ஒரு தடுமாற்றம் உண்டு. தூரத்து உறவினரை எளிதில் பிரித்துக் காட்டிவிடும். ஒட்டிப் பிறந்தவர்களிடந்தான் திணறும். நெருங்கிய இனங்களின் ரைபோசோமப் புரதங்களில் பல ஒன்றாகவே இருக்கும், வேறுபடுவது ஓரிரண்டுதான். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அதில் கிளைசின் என்னும் மணி இருந்த இடத்தில் அலனின் என்னும் மணி வந்தால் எடை 14 டால்டன் கூடும். பொறி அதைக் கண்டுகொள்ளும். லைசின் இருந்த இடத்தில் குளுட்டமின் வந்தாலோ வித்தியாசம் ஒரு டால்டனில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இராது. லூசினுக்கும் ஐசோலூசினுக்கும் எடை முற்றும் ஒன்றே. தராசுக்கு எடை தெரியும். முகம் தெரியாது அல்லவா?

வயிற்றுக் கடுப்பு உண்டாக்கும் ஷிகெல்லாவையும் நம் குடலில் சாதாரணமாக வாழும் ஈ. கோலியையும் இப்பொறி வழக்கமான முறையில் பிரித்துச் சொல்லாது. அவை மரபணு வகையில் ஒரே இனம் என்றே சொல்லத்தக்கவை. பழைய வழக்கத்தால் இரு பெயர்கள் நிலைத்துவிட்டன. நிமோனியாக் காய்ச்சல் தரும் நியூமோகாக்கஸும், வாயில் தீங்கின்றி வாழும் மைட்டிஸும் இப்படித்தான் குழப்பும். பித்தநீரில் கரைகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையே அங்கு இன்னும் கைகொடுக்கிறது. ஆந்திராக்ஸ் கிருமியின் நெருங்கிய உறவான சீரியஸ் என்னும் கிருமி நம் அடுக்களைக்கே உரியது. வடித்த சோற்றை வெப்பத்தில் நெடுநேரம் வெளியே வைத்து, பின்னர்ச் சூடாக்கி உண்டால் வாந்தி வருவது அதனால்தான். அதன் விதைகள் கொதிக்கும் உலையிலும் சாவதில்லை. அது கக்கிய நஞ்சும் மறுபடி சுட வைப்பதால் போவதில்லை.

நம் அன்பரைப் பிடித்த கிருமியின் குடும்பத்துக்கு பர்கோல்டேரியா என்று பெயர். வெங்காயத்தை அழுகச் செய்யும் கிருமியை ஆராய்ந்த வால்டர் பர்கோல்டர் என்னும் அமெரிக்கரின் பெயரால் 1992ஆம் ஆண்டில் இக்குடும்பம் அமைந்தது. ஆனால் அதன் கொடிய உறுப்பினர் அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. கண்டுபிடித்த இடம் ரங்கூன்! நம் முன்னோர் பல்லாயிரவர் பிழைப்புத் தேடிச் சென்று வாழ்ந்த அதே ரங்கூன்.

1911ஆம் ஆண்டில் அந்நகரின் மருத்துவமனையில் பிணப் பரிசோதனை செய்துவந்த ஆல்பிரட் விட்மோர், ஏழை எளியவர்கள் சிலரின் நுரையீரலிலும் பிற உறுப்புகளிலும் விந்தையான சீழ்க்கட்டிகளைக் கண்டார். அவர்களுள் பலர் மார்பியா ஊசிப் பழக்கத்தால் நலிந்தவர்கள். கட்டிகள், குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் என்னும் நோயின் கட்டிகளை ஒத்திருந்தன. கட்டியில் கிடைத்த கிருமியும் கிளாண்டர்ஸ் கிருமியைப் போலவே இருந்தது. ஆனால் விட்மோரும் அவருடன் பணியாற்றிய சி. எஸ். கிருஷ்ணசாமியும் அத்துடன் விட்டுவிடவில்லை. இது நீந்துகிறது, அது நீந்தாது. இது சத்துக்கூழில் விரைந்து செழிக்கிறது. அது மெல்ல வளரும். ஆகவே இது வேறு என்று துணிந்து, 1912ஆம் ஆண்டில் இருவர் பெயராலும் அறிக்கை வெளியிட்டார்கள். லேசரும் இல்லை, கணிப்பொறியும் இல்லை. கண்ணும் நுண்பெருக்கியும் சந்தேகமும் மட்டுந்தான். இன்று அக்கிருமிக்குப் பர்கோல்டேரியா சூடோமல்லை என்று பெயர். 'போலி மல்லை' என்பது அதன் பொருள். கிளாண்டர்ஸ் கிருமியே 'மல்லை'. உண்மையில் அண்மைக்கால மரபணு ஆய்வுகள் உறவைத் தலைகீழாக்கிவிட்டன: போலி என்று பெயர் பெற்றதுதான் மூதாதை, பல மரபணுக்களை இழந்து, மண்ணில் தனித்து வாழும் ஆற்றலையும் இழந்து, குதிரையின் உடலில் ஒட்டிக்கொண்ட வாரிசுதான் மல்லை.

அந்நோய்க்கு 1921ஆம் ஆண்டில் கோலாலம்பூர் ஆராய்ச்சியாளர்களான ஸ்டான்டனும் ஃபிளெச்சரும் மெலியாய்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் கிருமி வாழ்கிறது. தோலிலுள்ள வெடிப்பு வழியாகவோ, மூச்சின் வழியாகவோ, குடிக்கும் நீரின் வழியாகவோ உடலில் நுழைகிறது. மழைக் காலத்தில் நோய் மிகும். நீரிழிவுக்காரர்களே இதற்கு எளிய இரை. சிலரிடம் ஆண்டுக் கணக்கில் உறங்கியிருந்து எழுவதும் உண்டு. 62 ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டதாக ஒரு பதிவு இருக்கிறது. உலகெங்கும் ஆண்டுக்கு 1,65,000 பேர் இந்நோய்க்கு ஆளாகி 89,000 பேர் இறக்கக் கூடும் என்று 2016ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு தெற்காசியாவினது என்றும் அது கூறியது. வேலூரிலும் மணிப்பாலிலும் உள்ள மருத்துவக் கல்லூரிகள் இந்நோயாளிகளைப் பல ஆண்டுகளாகக் கண்டு எழுதி வருகின்றன.

இக்கிருமிக்கு இன்னுமோர் உறவு உண்டு. தாய்லாந்து நாட்டு மண்ணில் காணப்பட்டு, 1998ஆம் ஆண்டில் தனி இனமாகப் பிரிக்கப்பட்ட தாய்லாந்தென்சிஸ். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்தாம். ஆனால் தாய்லாந்தென்சிஸ் மனிதருக்கு நோய் தருவது மிக மிக அபூர்வம். அரபினோஸ் என்னும் சர்க்கரையை அது உண்ணும், சூடோமல்லை உண்ணாது.

இங்குதான் நூலகத்தின் கதை வருகிறது. சூடோமல்லையைப் போர்க் கருவியாகப் பயன்படுத்தக் கூடும் என்ற அச்சத்தால், அதன் மாதிரிகளைச் சில பொறிகளின் பொது நூலகத்தில் சேர்க்காமல், பாதுகாப்புக்குரிய தனி நூலகத்தில் வைத்திருந்தார்கள். தனி நூலகம் எல்லோருக்கும் கிடைக்காது. நூலகத்தில் இல்லாத ஆளைக் காட்டினால் பொறி என்ன செய்யும்? இருப்பவர்களுள் மிக நெருங்கிய சாயலுள்ளவனின் பெயரைச் சொல்லும். 2012ஆம் ஆண்டில் ஹாங்காங் ஆராய்ச்சியாளர்கள் சூடோமல்லையைப் பொறிக்குள் வைத்துப் பார்த்தபோது, தாய்லாந்தென்சிஸ் என்றே விடை வந்தது. சூடோமல்லையின் மாதிரி வரிசைகளைத் தாங்களே எடுத்து நூலகத்தில் சேர்த்தார்கள். அதன்பின் பொறி சரியாகச் சொல்லிற்று. அந்தந்த நாட்டு மண்ணின் கிருமிகளை அந்தந்த நாட்டார் நூலகத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் முடிவு. தொலைதூரத்து நகரங்களில் தொகுத்த நூலகம் நம் நஞ்சை நிலத்தை அறியாதது இயல்பே.

நம் அன்பரின் சீழிலிருந்து வளர்ந்த கிருமிக்கும் பொறி தாய்லாந்தென்சிஸ் என்றே பெயர் சொல்லியிருக்கிறது. மதிப்பெண்ணும் குறைவில்லை. வேறொருவராக இருந்தால், தீங்கற்ற மண்கிருமி ஏதோ வெளியிலிருந்து கலந்துவிட்டது என்று எழுதிக் கோப்பை மூடியிருக்கக் கூடும். அம்மையார் அவ்வாறு செய்யவில்லை. "கல்லீரலுக்குள்ளிருந்து எடுத்த சீழில் இந்த அப்பாவிக்கு என்ன வேலை என்று யோசித்தேன்" என்றார் நம்மிடம். உடனே அக்கிருமியைப் பாதுகாப்புப் பெட்டிக்குள் மாற்றச் செய்திருக்கிறார். சூடோமல்லையாயின் அதைத் திறந்த மேசையில் கையாளுவது பணியாளர்களுக்கே ஆபத்து. மருந்து வட்டுகளை வைத்துப் பார்த்தார். ஜென்டாமைசினையும் கோலிஸ்டினையும் கிருமி பொருட்படுத்தவில்லை. அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் கலந்த வட்டைச் சுற்றி மட்டும் வளராமல் விலகி நின்றது. அரபினோஸையும் அது தொடவில்லை. அதன் பிறகே படுக்கையருகே வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். வேறொரு சோதனைச் சாலையில் மரபணுச் சோதனை செய்து விடை வருமுன்பே மருந்தை மாற்றச் சொன்னவரும் அவரே.

ஏன் அவ்வளவு அவசரம் என்றால், சாதாரணமாகக் கொடுக்கும் பல மருந்துகளுக்கு இக்கிருமி இயல்பாகவே அடங்குவதில்லை. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் என்னும் ஊசி மருந்து குறைந்தது பத்துப் பதினான்கு நாட்கள் வேண்டும். பிறகு கோ-டிரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது மூன்று மாதங்கள். காய்ச்சல் விட்டதென்று மாத்திரையை நடுவில் நிறுத்தினால் நோய் மறுபடி தலைதூக்கும். நம் அன்பருக்கு ஊசி நான்கு வாரங்கள் நீடித்தது. மாத்திரை ஐந்து மாதங்கள்.

நாம் சென்ற அன்று அம்மையார் திரையில் இரண்டு கோபுர வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். முதலில் நமக்கு ஒன்றும் வேறுபாடு தெரியவில்லை. அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் ஒரு முனை சற்றே தள்ளி நின்றது. வேறோரிடத்தில் ஒன்றில் இருந்த முனை மற்றதில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். சாராயத்தாலும் ஃபார்மிக் அமிலத்தாலும் கிருமியைக் கொன்று, புரதத்தை மட்டும் பிரித்தெடுத்து அந்த வரிசைகளைப் பதிவு செய்து தம் பொறியின் நூலகத்தில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். பிற்காலத்தில் வந்த சில நூலகப் பதிப்புகளில் சூடோமல்லையும் இடம்பெற்றிருக்கிறது. எந்த மருத்துவமனையில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பது நோயாளிக்குத் தெரியவா போகிறது?

விடைபெறும்போது, வெளியூர்களில் வாழும் நம்மவர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்டோம். "மழைக் காலத்தில் ஊருக்குப் போய் வந்து காய்ச்சல் என்றால், போன இடத்தையும் சேற்றில் இறங்கியதையும் நீரிழிவையும் மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லச் சொல்லுங்கள். இங்குள்ள மருத்துவருக்கு உங்கள் ஊர் எங்கே தெரியும்?" என்றார்.

2019ஆம் ஆண்டு ஐப்பசியில் அன்பர் மீண்டும் ஊருக்குப் புறப்பட்டார். தடுத்தும் கேட்கவில்லை. அவருடைய மனைவியார் கரோல் பாக் கடைத்தெருவில் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிப் பெட்டியில் வைத்தார். அதை மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்த பெரியப்பாவைப் பார்த்து, "மிலிட்டரி வந்துவிட்டது" என்று பங்காளி வீட்டுப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்களாம். அவரும் சேர்ந்து சிரித்தாராம். பூட்ஸை மட்டும் கழற்றவில்லை.